எதிர் வீட்டுக்கு வைத்த கல்

அளத்தங்கரையில் ஒரு வீட்டில் பாரம் ஏற்றினால் அந்த வீடு இறங்கும். எதிர் வீடு ஏறும். ஊருக்கு அடியில் உப்பு இருக்கிறது, அதனால்தான். ஊர் உண்டாவதற்கு வெகு முன்னால் அங்கே ஒரு கடல் இருந்து, காய்ந்து, காய்ந்த உப்பின் மேல் சேறும் மணலும் பாறையும் அடுக்கடுக்காக விழுந்து மூடிவிட்டன. மூடினால் சும்மா கிடக்கிற சரக்கா அது? சுத்தியலால் அடித்தால் கல்லைப் போல உடையும். நிதானமாக அமுக்கினால் பாகாக நழுவி, பாரம் குறைந்த பக்கம் பார்த்துப் போய்விடும். போன இடத்தில் தலைக்கு மேல் இருப்பதை அப்படியே தூக்கும். மற்ற ஊர்களில் இதற்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அளத்தங்கரை உப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காலையில் ஒரு வீட்டில் அரிசி மூட்டை இறக்கினால் மத்தியானத்துக்குள் எதிர் வீட்டுப் படி ஒரு விரல்கடை ஏறியிருக்கும்.

ஆகவே அந்த ஊரில் ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர் வீட்டுக்கு எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். தங்கள் வீட்டுக்குள் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைப்பார்கள். இதற்குக் கல் வைப்பது என்று பெயர். கிழக்குச் சுவரோரம் வைத்தால் உப்பு மேற்கே போகும், மேற்குச் சுவரோரம் வைத்தால் கிழக்கே போகும், அவ்வளவுதான் வித்தை. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மொய் எழுதுவதில்லை. வீட்டில் கல் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு போய் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஆனால் வைத்த கல்லை இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது. யாருக்காக வைத்ததோ அவர் வந்து அதைத் தொட்டு, "போதும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுப்பதும், சொந்தக்காரன் சாவுக்குப் போகாமல் இருப்பதும் அங்கே ஒன்றுதான்.

பொன்கனியின் வீடு மேலே இருந்தது. அவள் வாசலில் நின்றால் கடல் தெரியும், உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களின் தலைத்துண்டு என்ன நிறம் என்று தெரியும். தெருவுக்கு மேற்கே, அவளுக்கு நேர் எதிரே, அவள் தம்பி சுயம்புவின் வீடு கீழே இருந்தது. எவ்வளவு கீழே என்றால், தெருவில் போகிறவர்கள் அவன் மொட்டைமாடியைத் தரை என்று நினைத்து அதன் மேல் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். சுயம்பு மாடிக்கதவைத் திறந்து, படியிறங்கித்தான் தன் வீட்டுக்குள் போக வேண்டும். உச்சிவெயிலிலும் உள்ளே லைட் எரியும்.

காரணம் அவனேதான். பொன்கனியின் புருஷன் செத்துப்போன வருஷம், காரியம் எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்த அன்றைக்கு, "எங்கக்கா இனி எவனையும் அண்ணாந்து பாக்கக்கூடாது" என்று சொன்னான். எல்லோரும் சொல்கிறதுதான். ஆனால் சுயம்பு சொல்லிவிட்டு நிற்கிற ஆள் இல்லை. உப்பளத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன், போகிற வழியில் ஒரு கல் கண்ணில் பட்டால் போச்சு. உடைந்த அம்மி, பெயர்ந்து விழுந்த மைல்கல், இடித்த பாலத்தின் துண்டு, யாரோ வேண்டாம் என்று விட்ட துவைகல். எல்லாம் அவன் வீட்டு மேற்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்தது. வருஷக்கணக்காகச் சேர்ந்தது. அக்கா ஏறிக்கொண்டே போனாள், தம்பி இறங்கிக்கொண்டே போனான்.

பொன்கனிக்கு அந்த உயரத்தால் உபகாரம் ஒன்றுமில்லை. அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். மாவு வாங்க வருகிறவர்கள் பாதி ஏற்றத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு உப்புமாவே கிண்டிக்கொள்ளலாம் என்று திரும்பிப் போனார்கள். இருந்தும் அவள் தம்பி வீட்டுக்குப் போய்க் கல்லைத் தொட்டுப் "போதும்" என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? சொன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்.

இதில் கெட்டுப்போனது சுயம்புவின் கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வருவது எல்லா ஊரிலும் உண்டு. மற்ற இடங்களில் தரை மொசைக்கா டைல்ஸா என்று பார்ப்பார்கள். அளத்தங்கரையில் உயரம் பார்ப்பார்கள். வீடு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு பேர் மாப்பிள்ளைக்குக் கல் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கு. ஒருமுறை வந்தவர்கள் அவன் மொட்டைமாடியிலேயே நின்றுகொண்டு, அவனையே கூப்பிட்டு, "தம்பி, மாப்பிள்ளை வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். அவனும் கையை நீட்டிக் கீழே காட்டினான். பையன் தங்கம்தான், ஆனால் ஆளில்லாத பையன் என்று சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். அவனுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு வீட்டுக்கு அடியில் உள்ள உப்பு முழுக்க வழிந்து தீர்ந்துவிட்டால், மேல்மண் நேராகக் கீழ்ப்பாறையில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு ஒட்டிப்போவது என்று பெயர். ஒட்டிப்போன வீடு அப்புறம் எதிரே மலையையே கொண்டுவந்து வைத்தாலும் ஒரு நெல்மணி அளவுகூட ஏறாது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பெண் கொடுத்ததாக அளத்தங்கரையில் பேச்சே கிடையாது. தரையைக் காலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தொம் என்றால் உப்பு இருக்கிறது. டொக் என்றால் முடிந்தது. சுயம்புவின் வீட்டில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில் மேற்கே தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அங்கே செக்கச்சிவந்த மணல். அடியில் உப்பு கிடையாது; கட்டின வீடு கட்டின இடத்தில் நிற்கும். பெண்ணின் பெயர் மரகதம். தையல்கடை வைத்திருக்கிறாள். சாத்தான்குளத்துக்கு ஜாக்கெட் துணி வாங்க வந்தவள், டிராக்டரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஒரு கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்த சுயம்புவைப் பார்த்திருக்கிறாள். ஊருக்குப் போய் அப்பாவிடம், "விசாரிச்சுப் பாருங்க" என்றாளாம். அப்பா கொம்பையா விசாரித்தார். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பொன்கனி அன்றைக்கே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். இது போனால் தம்பிக்கு இன்னொன்று வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆட்டுக்கல்லைத் தன் வீட்டுக் கிழக்குச் சுவரோரம் உருட்டினாள். தண்ணீர் டிரம்மை நிரப்பினாள். பக்கத்துத் தெருவில் யாரோ வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கருங்கல்லாகப் பொறுக்கி வந்தாள். அதுவும் போதாது என்று கொழுந்தன் குடும்பத்தை விருந்துக்குக் கூப்பிட்டு, கிழக்குச் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்காரவைத்துச் சோறு போட்டாள். நல்ல கனமான குடும்பம் அது. பாயசம் போடும்போது சுயம்புவின் வீடு அசைந்து கொடுத்தது.

மறுநாள் காலையில் சுயம்பு கண் விழித்தபோது ஜன்னலின் மேல் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. சூரிய வெளிச்சம் அவன் வீட்டுக்குள் வந்து ரொம்ப நாளாகிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அப்புறம் விஷயம் புரிந்து, பல்கூடத் தேய்க்காமல் போய் டிராக்டரை எடுத்தான்.

பொன்கனி வாசல் தெளிக்க வந்தவள் கீழே எட்டிப் பார்த்தாள்.

"எலே சுயம்பு! என்னலே இறக்குத?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ரெண்டு கல்லு."

"யாருக்கு?"

"யாருக்கா? உனக்குத்தான். நீ பாட்டுக்கு இறங்கிட்டு வார. நான் பாத்துட்டு சும்மா இருப்பனா?"

"நான் இறங்குனாத்தாம்லே நீ ஏறுவ. மண்டைக்குள்ள மூளையா இருக்கு, களிமண்ணா?"

"நீ இறங்கித்தான் எனக்குக் கல்யாணம்னா அந்தக் கல்யாணமே வேண்டாம்."

"வேண்டாமா? வெளக்கமாறு பிஞ்சிரும், பாத்துக்க."

இப்படி ஆரம்பித்தது. அவள் ஒரு கல் வைத்தால் அவன் இரண்டு வைத்தான். அவன் இரண்டு வைத்தால் அவள் கொழுந்தனை மறுபடியும் சாப்பிடக் கூப்பிட்டாள். கிழக்கிலிருந்து அவள் அமுக்க, மேற்கிலிருந்து அவன் அமுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட உப்பு என்ன செய்யும், பாவம்? இரண்டு பக்கமும் அமுக்கினால் மூன்றாவது பக்கம் போகும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, தெருவின் வடகோடியைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் பொன்கனியின் வீடும் தெருவுக்குக் கீழே போயிருந்தது. சுயம்பு தன் மாடியிலிருந்து அவள் மாடிக்கு நேராக நடந்தே வந்துவிட்டான்.

"எங்க போச்சுக்கா உப்பு?" என்றான்.

வடகோடியில் ஆவுடையப்பன் வீடு தென்னைமரங்களுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

ஆவுடையப்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறுபது தாண்டிய மனிதர், தனிக்கட்டை. தன் பாரத்தில் எவனும் ஏறிவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. உரல், பீரோ, அம்மாவின் பித்தளை அண்டா எல்லாவற்றையும் வேறு ஊரில் ஒரு வாடகை அறையில் பூட்டிவைத்திருந்தார். வீட்டுக்குள் ஒரு பாயும் ஒரு சொம்பும். மழை பெய்தால் உடனே மாடிக்கு ஓடித் தண்ணீரைத் தள்ளிவிடுவார். தேங்கினால் அது பக்கத்து வீட்டுக்கு லாபம். தனக்கு உடம்பு போடுகிறது என்று சந்தேகம் வந்தால் கஞ்சியைக் குறைப்பார். இப்பேர்ப்பட்டவருக்கு யார் கல் வைப்பார்கள்? அவருடைய வீடு அவர் பிறந்தபோது இருந்த மட்டத்திலேயே ஆயுசு முழுக்க இருந்தது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்படுகிறவராகத் தெரியவில்லை.

அன்று காலையில் வாய் கொப்பளித்துத் துப்பினார். அது ஒரு தென்னங்குருத்தின் மேல் விழுந்தது. அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். வீட்டைச் சுற்றி நாலாபக்கமும் வெள்ளைவெளேர் என்று உப்புச் சரிவு. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கி இறங்கினார். கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கித் தட்டில் வைத்து, வீடு வீடாகப் போய், "எனக்குக் கல் வெச்சது நீங்களா?" என்று கேட்டார்.

ஊர்க்காரர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள். "இல்லையே அண்ணாச்சி, நாங்க வைக்கலியே" என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இது நடந்துகொண்டிருக்கும்போது பொன்கனி தம்பியின் வீட்டுக்குள் இருந்தாள். இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவள் வைத்த கற்களுக்குச் சுயம்பு போதும் சொல்லிவிட வேண்டும். அவன் வைத்தவற்றுக்கு அவள் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் பாரத்தை இறக்கிவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உப்பு திரும்பி வந்து, வீட்டு வாசலாவது தெருவுக்கு மேலே வந்துவிடும். காலால் தட்டிப் பார்த்தாள். இன்னும் டொக் வரவில்லை. ஆனால் கிட்டத்தில் இருந்தது.

அவள் மேற்குச் சுவரோரம் குனிந்து, முதன்முதலில் அவன் கொண்டுவந்து வைத்த உடைந்த அம்மியின் மேல் கையை வைத்தாள். "எலே, கல்லுக்கு மட்டுந்தாம்லே சொல்லுதேன். வேற எதுக்கும் இல்ல" என்றாள்.

"தெரியும்க்கா. சொல்லு."

அப்போது மாடிக்கதவைத் தட்டிக்கொண்டு ஆவுடையப்பன் படியிறங்கி வந்தார். தட்டில் வெற்றிலை வாடிப்போயிருந்தது. தெருவில் மீதி இருந்தது இந்த இரண்டு வீடுகள்தான். அவர் உட்காரவில்லை. சுவரோரம் கூரைவரைக்கும் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தார்.

"எனக்குக் கல்லு வெச்சது..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்! கேட்டுக் கேட்டு, இல்லை என்ற பதிலை அவரே சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறவர் போல இருந்தது.

பொன்கனி அம்மியிலிருந்து கையை எடுத்தாள். உண்மையைச் சொன்னால், அது உங்களுக்கு வைத்ததில்லை அண்ணாச்சி, வழிந்தது என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் இந்தக் கற்கள் அவருடையவை ஆகிவிடும். அவர் வந்து போதும் சொல்லாமல் ஒன்றைக்கூட நகர்த்த முடியாது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாங்கதான் வெச்சோம், மாமா" என்றான் சுயம்பு.

அவரை அதுவரை ஒருவரும் மாமா என்று கூப்பிட்டதில்லை. அவர் நிமிர்ந்தார். "எந்தக் கல்லு?"

சுயம்பு சுவரைப் பார்த்தான். சின்னதாக ஒன்றைக் காட்டியிருக்கலாம். ஆனால் தென்னைமரத்துக்கு மேலே போன வீட்டுக்குச் சின்னக் கல் ஒத்துவராது. "எல்லாந்தான்" என்றான்.

"ஏன்?"

"சும்மாத்தான்."

ஆவுடையப்பன் தட்டை அம்மியின் மேல் வைத்தார். ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பார்த்தார், தொடவில்லை. மைல்கல்லில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று படித்தார். பிறகு படியேறிப் போய்விட்டார். தெருவில் அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

பொன்கனி தம்பியின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். "ஏம்லே? நாளைக்கு அவங்க வந்து என்னத்தைப் பாப்பாங்க? ஓட்டைச் சிரட்டையா?"

"அவர் மூஞ்சியப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"பெறகென்ன?"

பெறகென்னவாம்! அவளுக்கு அவனை இன்னொரு குட்டு குட்ட வேண்டும் போலவும் இருந்தது, இப்படி ஒருத்தனை வளர்த்திருக்கிறோமே என்று பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கேசரிக்கு ரவை இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை கொம்பையா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணை அழைத்துவருவது வழக்கமில்லைதான். "குடியிருக்கப்போறது நான், நான்தான் பாக்கணும்" என்று மரகதம் சொல்லிவிட்டாளாம். கொம்பையாவின் மனைவி தேரிக்காட்டு வீட்டிலேயே சமையல் வேலையாக இருந்துவிட்டார். வந்தவர்கள் கையில் முதலூர் மஸ்கோத் அல்வா இருந்தது. மாடிக்கதவு வழியாகத் தலையைக் குனிந்து இறங்கி வந்தார்கள்.

அவர்களுக்கு முன்பே ஆவுடையப்பன் அதே வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு மாமா முறை வேண்டும், நான் இருக்கிறேன் என்று காலையிலேயே வந்துவிட்டார். வீட்டில் மேற்கே முழுக்கக் கல். கிழக்குச் சுவரோரம் மட்டும் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அங்கே கொம்பையா, மரகதம், ஆவுடையப்பன், பொன்கனி நான்கு பேரும் முழங்கால் இடிக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். சுயம்பு நின்றான்.

"வீடு கொஞ்சம் தாழ்வோ?" என்றார் கொம்பையா.

"ஆமாங்க. இறங்கியிருக்கு" என்றாள் பொன்கனி.

மரகதம் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் யாருக்கு வெச்சது?"

"மாமாவுக்கு" என்றான் சுயம்பு.

"எல்லாமா?"

"எல்லாம்."

கொம்பையா விஷயம் தெரிந்துகொண்டு வந்தவர். ஆவுடையப்பன் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க மனசு வெச்சு ஒரு வார்த்தை சொன்னா மாப்பிள்ளை வீடு ஏறிரும், என்ன?" என்றார்.

ஆவுடையப்பன் அதுவரை இதை யோசிக்கவில்லை. யோசித்தார். மெதுவாக எழுந்து போய் அம்மியின் மேல் கையை வைத்தார். இருந்திருந்து இந்த வயதில் கிடைத்தது. ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அவருடைய உதடு அசைந்தது. பொன்கனி மடிக்குள் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு, சொல்லிருங்க, சொல்லிருங்க அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"போ..." என்றார் ஆவுடையப்பன்.

சுயம்பு அல்வாவில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைத்துவிட்டான். "சாப்பிடுங்க மாமா" என்றான். முதலூர் அல்வா இழுபடும். அவர் மென்றுகொண்டே திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். பொன்கனிக்குத் தம்பியைத் துவைகல்லில் போட்டுத் துவைக்க வேண்டும் போல இருந்தது.

மரகதம் அவனை நேராகப் பார்த்தாள். "எனக்கு எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். சுயம்பு சுற்றிலும் பார்த்தான். தேரிக்காடு மேற்கே. உப்பு மேற்கே போக வேண்டுமானால் கல்லைக் கிழக்குச் சுவரோரம் வைக்க வேண்டும். கிழக்குச் சுவரோரம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு கல் வைத்தால் தரை என்ன சத்தம் போடும் என்பதும் அவனுக்குத் தெரியும். பொன்கனி அவன் கண்ணைப் பிடித்து, வேண்டாம்லே என்று தலையை ஆட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மாடியேறிப் போனான். டிராக்டரில் மிச்சமிருந்த கருங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற இடம் இருந்தது. அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டான்.

டொக் என்று சத்தம் கேட்டது.

எல்லோருக்கும் கேட்டது. பொன்கனி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பியின் வீடு ஒட்டிப்போய்விட்டது. இனி எந்தக் காலத்திலும் ஏறாது. கொம்பையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் மனைவிக்கு நல்ல கனத்த குரல், எல்லோருக்கும் கேட்டது.

"ஏங்க, வீடு கிளம்பிட்டு."

"எந்தப் பக்கம்?"

"கிழக்க, நீங்க இருக்கிற பக்கந்தான். தரைக்கடியில வழவழன்னு என்னமோ வந்துச்சு. அப்படியே வழுக்கிட்டு வருது. இப்பம் பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் தாண்டியாச்சு."

"அடுப்புல என்ன இருக்கு?"

"சாம்பார். சிறுகிழங்குப் பொரியல்."

"தளும்பாமப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்தார். தோளில் போட்ட துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். "பள்ளம் இருக்கிற பக்கந்தானே வரும்" என்று பொதுவாகச் சொன்னார்.

சுயம்பு மரியாதைக்காகக் கல்லை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"இறக்கிராதீங்க மாப்பிள்ளை" என்றார் கொம்பையா. "வீடு நடுரோட்டுல நின்னுரும்."

வீடு வந்து சேர எப்படியும் சாயங்காலம் ஆகும். சுயம்பு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பொன்கனி காபி கொண்டுவந்தபோது அவனால் டம்ளரை வாங்க முடியவில்லை. மரகதம் எழுந்து வந்து வாங்கி, ஊதி ஆற்றி, அவன் வாயருகே பிடித்தாள். கொம்பையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மண்தான் தெரிந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் இன்னும் அல்வாவை மென்றுகொண்டிருந்தார்.

பொன்கனி மாடியேறித் தெருவுக்கு வந்தாள். சுயம்பு வீட்டை ஒட்டி இருந்த காலிமனையில் யாரோ ஒரு ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அதை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினாள். மனையைச் சுத்தமாகக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். வருகிற வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளாததால், நாலு பக்கமும் கோலம் போட்டாள்.